பன்னிரண்டு நிமிடக் கேமரா

அவனியாபுரம்
10 நவம்பர் 2024

அன்புத் தம்பி அழகுபாண்டிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மச்சானும் அம்மாவும் இங்கே சுகம். மழை பிடித்துக்கொண்டதால் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று உன்னைக் கேட்கச் சொன்னாள்.

போனை எடுத்துப் பேசாமல் எதற்கு மெயில் என்று நினைப்பாய். போனில் நாம் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது. இது சண்டையில் முடியக்கூடாத விஷயம்.

நான் ஒரு குறும்படம் எடுக்கப் போகிறேன். சிரிக்காதே. தல்லாகுளத்தில் நான் வேலை செய்யும் டைப்பிங் கடைக்கு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளன்று எம்புட்டுக் கூட்டம் வரும் என்று உனக்குத் தெரியும். அதில் மாயக்காள் என்று ஒருவர். வாடிப்பட்டிக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஊர், கொய்யாப்பழம் விற்கிறவர், வயது அறுபதுக்கு மேல். அவர் ஊருக்குள் வந்துகொண்டிருந்த காலை ஏழேகால் பேருந்தை எட்டு வருடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். அதைத் திரும்ப விடச் சொல்லி இதுவரை முப்பத்தோரு மனு கொடுத்திருக்கிறார். முப்பத்தொன்றையும் அடித்தது நான்தான். முப்பத்திரண்டாவது மனுவை அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பதுதான் படம். பதினைந்து நிமிடம் வரும். அவரே நடிக்கச் சம்மதித்துவிட்டார்.

சீட்டு எடுத்த பணம் எண்பதாயிரம் இருக்கிறது. டவுனில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் மிரர்லெஸ் கேமராதான் வாங்க வேண்டும் என்கிறார், ஒருவர் போனிலேயே எடுங்கள் என்கிறார், மூன்றாமவர் கல்யாணத்துக்கா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். பதினோரு வருடமாகச் சினிமாவில் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் நீ. இந்தப் பணத்துக்குள் என்ன வாங்கலாம் என்று சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
சுபலட்சுமி


சென்னை, வளசரவாக்கம்
28 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். அம்மாவிடம் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று சொல். அந்தக் கால் வலித் தைலம் இங்கே நல்லதாகக் கிடைக்கிறது, அனுப்புகிறேன்.

படம் எடுப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடாதே. முதலில் கேமராவைப் பார்க்காதே, லென்ஸைப் பார். கேமரா பாடி நான்கு வருடத்தில் பழசாகிவிடும், நல்ல லென்ஸ் இருபது வருடம் நிற்கும். டைப்பிங் கடை இருட்டாகத்தான் இருக்கும், அதனால் வெளிச்சம் நிறைய வாங்குகிற லென்ஸ் வேண்டும். பழைய கேமரா என்றால் ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார், பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை மாதிரித் தெரியும். வெயிலில் எடுப்பதாக இருந்தால் முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி, என்.டி. ஃபில்டர், கட்டாயம். நிறத்தைப் பின்னால் சரிசெய்ய இடம் கொடுக்கிற மாதிரிப் பதிவு செய்யும் கேமரா வேண்டும். மலிவான கேமராவில் முகம் மெழுகு பூசினது போல ஆகிவிடும்.

ஜனவரியில் ஒரு புது மாடல் வருகிறது. அது வந்தால் பழைய மாடலின் விலை இறங்கும். அதுவரை பொறு. வாங்குவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்காதே.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி,
அழகு


அவனியாபுரம்
17 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

தைலம் வந்து சேர்ந்தது. அம்மா இரண்டு நாளாக மாடிப்படி ஏறி இறங்குகிறாள். பனிக்காலம், உனக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

நீ சொன்னபடி பொறுத்துத்தான் இருந்தேன். ஆனால் ஒரு நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது, சீக்கிரம் பதில் போடு. நம் தெருவுக்கு நாலு தெரு தள்ளி முத்திருளன் என்று ஒருவர் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறார். மார்கழி பிறந்துவிட்டதால் அவருக்கு வேலை கிடையாது. இரண்டு வருடம் ஓடிய கேமரா ஒன்றையும் லென்ஸையும் விற்கப் போகிறாராம். மாடல் பெயர், ஷட்டர் ஓடிய எண்ணிக்கை, கேமராவைச் சுற்றி எடுத்த எட்டு போட்டோ எல்லாம் இதோடு இணைத்திருக்கிறேன். டார்ச் அடித்தும் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் பணத்துக்குள் அடங்குகிறது.

“தை பொறந்துட்டா எனக்கு மூச்சு விட நேரம் இருக்காதுக்கா, அதுக்குள்ள சொல்லிருங்க” என்றார். அவர் கெட்ட ஆள் இல்லை. வாங்கலாமா வேண்டாமா, ஒரே ஒரு வார்த்தை எழுது.

படத்தின் எழுத்துப் படியையும் அனுப்பியிருக்கிறேன். பதினொரு பக்கம். நேரம் இருந்தால் படி.

உன் மச்சான் முதலில், லேத்துப் பட்டறைக்காரன் வீட்டில் சினிமாவா என்று கேலி பேசினார். இப்போது தினமும் உன்னிடமிருந்து பதில் வந்ததா என்று அவர்தான் கேட்கிறார்.

அக்கா,
சுபலட்சுமி


சென்னை
20 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எல்லோரும் பொங்கலை நன்றாகக் கொண்டாடியிருப்பீர்கள். நான் ஒரு மாதமாக வெளியூர் ஷூட்டிங்கில் இருந்தேன். மலை மேல் சிக்னலே கிடையாது. இறங்கி வந்துதான் எல்லாம் பார்த்தேன்.

நீ அனுப்பிய கேமரா வேண்டாம். அதில் நிறத்துக்கு இடம் போதாது. அந்த லென்ஸ் ஓரத்தில் மங்கும். அதோடு நீ டிரைபாடைப் பற்றி யோசிக்கவே இல்லை. கேமரா உட்காரும் மேல்பாகம் எண்ணெய் போட்டது போல வழுக்கிக்கொண்டு திரும்புகிற டிரைபாட் இல்லாமல் கேமரா வாங்கிப் பயனில்லை. அதன் பிறகு ஒலி. தனியாக ரெக்கார்டர், ஒரு காலர் மைக், ஒரு நீள மைக். அதன் பிறகு ஒரு மானிட்டர். சின்னத் திரையில் பார்த்து ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது அக்கா. கேமராவில் எல்லாத் தப்பையும் பின்னால் சரிசெய்யலாம், ஃபோகஸ் போனதை மட்டும் கடவுளாலும் சரிசெய்ய முடியாது.

பட்டியல் கீழே கொடுத்திருக்கிறேன். பணம் பத்தாதுதான். அடுத்த சீட்டு வரை பொறுத்தால் என்ன?

அம்மாவுக்கு என் அன்பு.

அழகு


அவனியாபுரம்
16 பிப்ரவரி 2025

தம்பி அழகுபாண்டிக்கு,

எல்லோரும் நலம். உன் பதில் வருவதற்கு எட்டு நாள் முன்னால், பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தியே, திருமங்கலத்துப் பையன் ஒருவன் அந்தக் கேமராவை வாங்கிக்கொண்டு போய்விட்டான். தை பிறந்ததும் முத்திருளன் சொன்னது போலவே ஆகிவிட்டது. வாடகைக்குக் கேட்டால் முகூர்த்தம், முகூர்த்தம் இல்லாவிட்டால் வரவேற்பு, அதுவும் இல்லாவிட்டால் காதுகுத்து. மாயக்காள் மூன்று முறை என்னைத் தேடி வந்து, “எப்பத் தாயி எடுக்கப் போறோம்?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு முறையும் ஒரு பை கொய்யா. அதைக் கையில் வாங்கவே கூச்சமாக இருக்கிறது.

தைப்பூசம் செவ்வாய்க்கிழமை வந்ததால் கல்யாணம் இல்லை, எங்கள் கடைக்கும் விடுமுறை. முத்திருளனிடம் இருக்கிற பெரிய கேமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஒத்திகை மாதிரிச் செய்து பார்த்தேன். அழகு, நான் இருபது வருடம் விசைப்பலகையில் கை வைத்தவள். அந்தக் கேமராவுக்குள் இருக்கிற மெனுவைப் போல ஒரு சிக்கலை நான் பார்த்ததில்லை. ஃபோகஸ் தானாகப் பிடிக்கும் என்றார்கள். மாயக்காள் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவர் பேச ஆரம்பித்ததும் பின்னால் தொங்குகிற முருகன் காலண்டருக்குத் தாவிவிட்டது. திரும்ப முகத்துக்கு வருவதற்குள் இரண்டு விநாடி போய்விட்டது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் சூடாகிவிட்டது என்று எழுத்துக் காட்டி அணைந்தது. தை மாத வெயிலுக்கே இப்படி.

இருந்தாலும் மாயக்காள் பேசியதில் ஐந்து நிமிடம் இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்.

உடம்பு நலத்தைப் பற்றி எழுது.

அக்கா


சென்னை
18 பிப்ரவரி 2025

அக்கா,

நலம்.

பார்த்தேன். நாற்பதாவது விநாடியில் படம் சாஃப்ட். அதாவது கூர்மை இல்லை. முகமே கலங்கிப் போயிருக்கிறது. இதை யாருக்கும் காட்டாதே. ‘அழகுபாண்டியின் அக்கா எடுத்தது’ என்று ஒருவரும் சொல்ல வேண்டாம். நான் சொன்ன லென்ஸும் மானிட்டரும் வாங்கும் வரை தயவுசெய்து எடுக்காதே. மெனக்கெட்டுக் கெட்ட படம் எடுப்பதைவிட எடுக்காமல் இருப்பது மேல்.

அழகு


அவனியாபுரம்
9 மார்ச் 2025

அழகுபாண்டிக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

மார்கழியில் ஒரு வார்த்தை கேட்டேன், ஐந்து வாரம் ஆயிற்று. என் படத்தைத் திட்ட உனக்கு இரண்டே நாள் போதுமாக இருந்திருக்கிறது. உன் மெயிலை உன் மச்சானிடம் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். அவர் கோபப்பட்டால் அப்படித்தான் போவார், உனக்கே தெரியும்.

நவம்பரில் லென்ஸ் என்றாய். ஜனவரியில் டிரைபாட் என்றாய், பிறகு ரெக்கார்டர், மானிட்டர். நான் ஒன்றை எட்டிப் பிடித்தால் நீ இன்னொன்றை உயரத்தில் கட்டுகிறாய். உன் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். நான் இன்னும் மூன்று சீட்டு கட்டி எடுக்க வேண்டும். அதற்குள் எனக்கு வயது நாற்பத்து நான்கு ஆகிவிடும்.

எனக்கு அத்தனை நாள் இல்லை. மாயக்காளின் மகள் திருப்பூரில் இருக்கிறார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவரை நிரந்தரமாக அழைத்துக்கொண்டு போகப் போகிறார்கள். மே மாதக் கடைசி வரைதான் அவர் இங்கே இருப்பார்.

இனிப் பட்டியல் அனுப்பாதே.

சுபலட்சுமி


சென்னை
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

உன் கோபம் நியாயம். ஒரு மாதமாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அம்மாவின் கால் எப்படி இருக்கிறது? மச்சானிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்.

நீ எதுவும் வாங்க வேண்டாம், வாடகைக்கும் எடுக்க வேண்டாம். மே நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானே கேமரா, லென்ஸ், மானிட்டர் எல்லாவற்றோடும் வருகிறேன். எல்லாம் முதல் தரமானது. சனிக்கிழமை ரயில் ஏறினால் விடியும்போது மதுரையில் இருப்பேன். மாயக்காளை ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிடு. ஒரே நாளில் முடித்துவிடலாம்.

நம்பு.

அழகு


அவனியாபுரம்
27 மே 2025

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு வெயில் தாங்கவில்லை, வேறொன்றுமில்லை.

நான்காம் தேதி நடந்ததை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது எனக்குள் கிடந்து புழுங்கும். மாயக்காள் இரண்டு பேருந்து மாறி எட்டரைக்கே வந்துவிட்டார். மகள் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலை. உன் மச்சான் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். உன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் உன் அறையில் இருக்கிற மருதுவைக் கூப்பிட்டேன். அவன் எடுத்தான். நீ எங்கே என்று கேட்டேன். வேலைக்குப் போயிருக்கிறாய் என்றான். எந்தப் படம் என்று கேட்டேன். அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நான் கேட்டுக்கொண்டேன். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீ எழுதினால் படிப்பேன்.

மாயக்காள் என்னைத் தேற்றிவிட்டுப் போனார். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அழக்கூட முடியவில்லை.

மறுநாள் முத்திருளனிடம் போனேன். வாடகை வேண்டாம், உங்களிடம் எதற்கும் ஆகாத கேமரா என்று எது இருக்கிறது என்று கேட்டேன். பீரோவின் அடித்தட்டிலிருந்து பத்து வருடப் பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றையும் சின்ன ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்றையும் எடுத்தார். “இதுல ஃபோகஸைக் கையாலதான் திருப்பணும். பன்னெண்டு நிமிசத்துல ரெக்கார்டிங் தானா நின்னுரும்க்கா. கல்யாணத்துக்கு ஆகாதுன்னுதான் தூக்கிப் போட்டேன்” என்றார். நான் அங்கேயே நின்று யோசித்தேன். ஒரு மனு அடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்பது நிமிடம். இருபது வருடமாக அதே ஒன்பது நிமிடம்தான். மனு அடிக்கிற ஷாட்டுக்குப் பதின்மூன்றாவது நிமிடம் தேவையே இல்லை. வாங்கிவிட்டேன். சீட்டுப் பணத்தில் பாதிகூடச் செலவாகவில்லை. மீதியில் ஒரு ரெக்கார்டரும் காலர் மைக்கும் வாங்கினேன். அந்த விஷயத்தில் நீ சொன்னது சரி.

லென்ஸ் வளையம் விரலுக்குச் சிக்காத அளவுக்குச் சின்னது. உன் மச்சான் அதை அளந்துகொண்டு போய், அலுமினியத்தில் ஒரு பெரிய வளையம் கடைந்து மேலே மாட்டிவிட்டார். அதில் வெள்ளைத் தாள் ஒட்டி, நாற்காலியில் மாயக்காள் சாய்ந்திருந்தால் ஒரு கோடு, முன்னால் குனிந்தால் ஒரு கோடு, கூடையை எடுக்க எழுந்தால் ஒரு கோடு என்று குறித்தார். “லேத்துல நூல் கணக்குக்குத் திருப்புற கை, இதைத் திருப்பாதா?” என்றார். பதினெட்டாம் தேதியும் இருபத்தைந்தாம் தேதியும் எடுத்தோம். ஃபேன் சத்தம் மைக்கில் விழுகிறதென்று நிறுத்திவிட்டோம். மூன்று பேரும் வேர்வையில் குளித்தோம். படத்தில் என் கைகள் மட்டும் வரும். கேமராவுக்குப் பின்னால் உன் மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வளையத்தைத் திருப்பினார்.

எழுதி வைத்ததை விட்டுவிட்டு மாயக்காள் வேறு எங்கோ போனார். நான் தடுக்கவில்லை. “அந்த டிரைவர் தம்பி எங்க முக்குல ஆரன் அடிச்சுட்டு ஒரு நிமிசம் நிப்பாரு. கூடையத் தூக்கி வைக்க எனக்கு ஆளு இல்லேன்னு அவருக்குத் தெரியும். இறங்கி வந்து தூக்கி வப்பாரு. அதையும் அடி தாயி” என்றார்.

“இதையெல்லாம் மனுவில் போட முடியாதும்மா” என்றேன். நான் பேச வேண்டும் என்று எழுத்துப் படியில் இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“போடு. அதைக் கேக்கத்தான எட்டு வருசமா வாரேன்.”

அடித்தேன். கேமரா தானாக நிற்கும் வரை ஓடவிட்டோம்.

அவர் நாளை மறுநாள் திருப்பூர் போகிறார். எடுத்ததை எல்லாம் உனக்கு அனுப்பியிருக்கிறேன். அறிவுரை கேட்டு அனுப்பவில்லை. பார்க்க வேண்டியவன் நீ, அதனால் அனுப்புகிறேன்.

அக்கா,
சுபலட்சுமி


சென்னை
15 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அதைத் தவிர எல்லாவற்றையும் பற்றி உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் செப்டம்பரில் ஒரு பெரிய படத்தில் நான்தான் ஃபோகஸ் பார்த்தேன். ஹீரோ மழையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேமராவை நோக்கி நடந்து வர வேண்டும். மூன்றாவது டேக்கில் அவர் நிஜமாகவே அழுதுவிட்டார். செட்டில் எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு மானிட்டரில் போட்டுப் பார்த்தால் சாஃப்ட். என் கை அரை விநாடி பிந்திவிட்டது. அவருக்கு மறுபடி அந்த அழுகை வரவில்லை. கேமராமேன் இருநூறு பேர் முன்னால், “கண்ணு தெரியலேன்னா கண்ணாடிக் கடைக்குப் போடா” என்றார். மறுநாளிலிருந்து என்னை யாரும் கூப்பிடவில்லை. இந்தத் தொழிலில் அப்படித்தான் சேதி பரவும்.

ஒன்பது மாதமாக நான் ஒரு கேமரா வாடகை நிறுவனத்தில் ஸ்டோரில் வேலை செய்கிறேன். காலையில் லென்ஸ்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புவேன், திரும்பி வந்தால் எண்ணி அடுக்குவேன். மலையும் இல்லை, வெளியூர் ஷூட்டிங்கும் இல்லை. உனக்கு நான் எழுதிய பட்டியலெல்லாம் அன்றன்று என் கை வழியாகப் போன பெட்டிகள்தான். அவற்றுக்குக் குறைந்த ஒன்றை உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. நீ எடுத்து முடித்துவிடுவாயோ என்று பயமாக இருந்தது. என்னிடமும் ஒரு கதை இருக்கிறது, ஒன்பது வருடமாக. அதற்கும் எந்தக் கேமராவும் எனக்குச் சரிப்பட்டு வந்ததில்லை.

மே மூன்றாம் தேதி முதலாளியிடம் ஒரு கேமரா செட் கேட்பதாக இருந்தேன். என் அக்கா படம் எடுக்கிறாள் என்று சொல்லிக் கேட்டால் போதும், கொடுத்திருப்பார். வாசல் வரை போனேன். கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து உன் முன்னால் நின்று ஃபோகஸ் பிடிக்க வேண்டும் என்று நினைத்ததும் அப்படியே திரும்பிவிட்டேன். அறைக்கு வந்து படுத்துக்கொண்டேன். மறுநாள் நீங்கள் மூன்று பேரும் காத்திருந்த நேரத்தில் ஸ்டோரில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். போன் பையில் அடித்துக்கொண்டே இருந்தது.

பிப்ரவரியில் நீ அனுப்பிய ஐந்து நிமிடத்தில் நான் அந்த இரண்டு விநாடியை மட்டும்தான் பார்த்தேன். மாயக்காள் பேசியதைக் கேட்கவே இல்லை. நீ மே மாதம் அனுப்பியதைப் பார்க்கவும் மூன்று வாரம் தைரியம் வரவில்லை. நேற்றுதான் பார்த்தேன். மச்சானுக்கு என் வணக்கம். அந்தக் கை என்னுடைய கையைவிட நல்ல கை.

அம்மாவிடம் சொல்லாதே.

அழகுபாண்டி


அவனியாபுரம்
24 ஜூன் 2025

அன்புத் தம்பி,

எல்லோரும் சுகம். அம்மாவிடம் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும், நேரில்.

உன் மெயிலைப் படித்துவிட்டு உனக்காக வருத்தப்பட்டேன். அப்புறம் மார்கழியை நினைத்தேன், பன்னிரண்டு மணி வரை காத்திருந்ததை நினைத்தேன், திரும்பவும் கோபம் வந்தது. இரண்டும் இருக்கிறது. ஒன்று இன்னொன்றைப் போக்கும் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். நமக்குள் இனி பொய் வேண்டாம்.

படத்தில் ஒரே ஒரு ஷாட் பாக்கி இருக்கிறது. வாடிப்பட்டி தாண்டி மாயக்காளின் ஊருக்குப் பிரிகிற சாலை. தூரத்திலிருந்து பேருந்து வர வேண்டும், பிரிவுச் சாலைக்குள் திரும்பாமல் நேராகப் போய்விட வேண்டும். பேருந்து நம்மை நோக்கி வந்துகொண்டே இருப்பதால் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது உன் மச்சானால் முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த ஆள் என்றால் பிடிப்பேன், ஓடி வருகிற வண்டியை எனக்குப் பிடிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

ஜூலை ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு அங்கே இருப்போம். நீ எந்தச் சாமானும் கொண்டுவர வேண்டாம், வெறுங்கையோடு வா. சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. “மாப்ள வாரானான்னு கேளு” என்று உன் மச்சான் பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறார்.

நீ வராவிட்டாலும் அன்று எடுத்துவிடுவேன். இதையும் தெரிந்துகொள்.

அக்கா,
சுபலட்சுமி


சென்னை
8 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுக் காலை நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த இட்லியை ரயிலில் சாப்பிட்டேன், மருதுவுக்கும் நான்கு மிச்சம் இருந்தது. அம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். ஸ்டோரில் ஃபேன் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்று மறுபடியும் சொல்லிவிடு.

நேரில் சொல்ல முடியாத ஒன்றை எழுதுகிறேன். முதல் பேருந்து வந்தபோது வளையத்தில் என் கை பிந்தியதை நீ பார்த்தாய். மச்சானும் பார்த்தார். பேருந்து நம்மைத் தாண்டிப் போனதும் நீ அந்தச் சின்னத் திரையில் போட்டுப் பார்த்தாய். சாஃப்ட். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த இருநூறு பேரும் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. நீ “சரி, இன்னொரு தடவை” என்றாய். அவ்வளவுதான். அடுத்த பேருந்துக்கு நாற்பது நிமிடம். நீயும் மச்சானும் புளிய மரத்தடியில் உட்கார்ந்து சட்னி காரமாகிவிட்டதா இல்லையா என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவதிலும் கொஞ்சம் பிந்திவிட்டேன். நீ மறுபடியும் அதையே அதே குரலில் சொன்னாய்.

மூன்று டேக்கையும் நேற்று வந்ததும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்றாவதை வைத்துக்கொள். வெளிச்சம் கொஞ்சம் ஏறிவிட்டது, நிறம் முதல் இரண்டு அளவுக்கு வராது, அந்தப் பழைய கேமரா அதற்கு மேல் கொடுக்காது. பரவாயில்லை. பிரிவு வந்ததும் பேருந்து வேகத்தைக் குறைக்கிறது பார். எதற்குக் குறைத்தாரோ, முன்னால் மாடு போயிருக்கலாம். திரும்பப் போகிறது என்றே தோன்றுகிறது. டிரைவரின் முகம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. அவர் ஊருக்குள் போகிற அந்தச் சாலையை ஒரு கணம் பார்க்கிறார். பிறகு நேராகப் போய்விடுகிறார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். படத்தை முதலில் திருப்பூருக்கு அனுப்பு.

உன் தம்பி,
அழகுபாண்டி